நாத்திகரிடம் கடவுளைப் பற்றிப் பேசும்போது எந்தக் காரணத்தை முன்வைப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி, மார்ச் 4

என் அண்ணன் சில ஆண்டுகளாகக் கடவுள் இல்லை என்று சொல்லிவருகிறார். நான் பக்தி உள்ளவள். அவரிடம் பேசுவதற்காகவே முதற்காரண வாதம், உலகின் ஒழுங்கைக் காட்டும் வாதம், மனச்சான்றைக் காட்டும் வாதம் என்று பலவற்றைப் படித்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் மறுப்பு தயாராக இருக்கிறது. நான் அடுத்த வாதத்துக்குப் போகிறேன். அவர் அதையும் மறுக்கிறார். முடிவில் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சுகிறது. நாத்திகர்கள் முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டுதான் பேச வருகிறார்கள், ஆகவே அவர்களிடம் தெய்வத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 5

மறுக்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அண்ணனிடம் எடுத்துச் சொன்ன வாதங்களில் எதையாவது கேட்டுத்தான் உங்களுக்குப் பக்தி வந்ததா? முதற்காரண வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டால், மறுநாள் காலையில் நீங்கள் கும்பிடுவதை நிறுத்திவிடுவீர்களா? மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால், உங்கள் நம்பிக்கையைத் தாங்காத ஒன்றை, அதுதான் தாங்குகிறது என்பதுபோல அவர் முன் வைத்திருக்கிறீர்கள். ஒன்று விழுந்ததும் நீங்கள் மற்றொன்றை எடுத்ததை அவர் கவனித்திருப்பார். விழுந்ததால் உங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதையும் கவனித்திருப்பார். முன்முடிவோடு பேச வந்தவர் யார் என்று கேட்டால் அவர் உங்களைத்தான் காட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

நாத்திக நண்பர்களோடு நெடுங்காலமாகப் பேசிவருபவன் என்ற முறையில் நான் பற்றிக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். எந்தக் காரணம் பொய்த்துப்போனால் என் நம்பிக்கை உண்மையிலேயே ஆட்டம் காணுமோ, அந்தக் காரணத்தை மட்டுமே அவர்கள் முன் வைப்பேன். மற்றவற்றைத் தத்துவமாகப் பேசலாம், ஆராயலாம், அவற்றின் அழகை வியக்கலாம். என் நம்பிக்கைக்குச் சாட்சியாக அவற்றை நிறுத்தமாட்டேன்.

உலகின் ஒழுங்கைக் காட்டும் வாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பதை அறிவதுபோல, கண்ணின் அமைப்பைக் கண்டால் அதை அமைத்தவனை அறியலாம் என்று வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1802-இல் விரிவாக எழுதினார். இளம் வயதில் பேலியை விரும்பிப் படித்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அதே டார்வின் 1859-இல் இயற்கைத் தேர்வை விளக்கிய பிறகு, உறுப்புகளின் அமைப்பிலிருந்து நேராகப் படைத்தவனிடம் போகும் அந்த வழி பெரிதும் அடைபட்டுப்போனது. ஆனால் பேலியைப் படித்துவிட்டா உலகெங்கும் மக்கள் கடவுளை நம்பியிருந்தார்கள்? அவர்களுடைய நம்பிக்கை வேறிடத்தில் வேர்கொண்டிருந்தது, ஆகவே வாதம் போன பின்பும் அது நின்றது. எங்கே வேர்கொண்டிருந்தது என்பதைத்தான் பேசியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பேலிக்கு முட்டுக்கொடுப்பதிலேயே பலர் தங்கள் ஆற்றலைச் செலவழித்தார்கள், இன்றும் செலவழிக்கிறார்கள்.

மார்ச் 5, இரவு

வாதங்களே பயனற்றவை என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. வாதத்தின் வழியாகவே கடவுளை ஏற்க வந்தவர்கள் உண்டு. ஆன்டனி ஃப்ளூ என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி அரை நூற்றாண்டுக்காலம் நாத்திகத்தின் வலிமையான குரலாக இருந்துவிட்டு, 2004-இல், உலகுக்கு அறிவுள்ள மூலம் ஒன்று உண்டு என்று தாம் கருதுவதாகச் சொன்னார். அவருக்கு அந்த வாதமே தாங்குதூண். அவர் அதை முன்வைப்பதுதான் நேர்மை.

ஆனால் "பெரிய நாத்திகரே மாறிவிட்டார்" என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். ஃப்ளூ ஏற்றது அரிஸ்டாட்டில் சொன்னது போன்ற ஒரு முதல்வனை. வேண்டுதலைக் கேட்டு மனிதரின் வாழ்வில் தலையிடும் கடவுளையோ, இறப்புக்குப் பின் ஒரு வாழ்வையோ அவர் ஏற்கவில்லை. வாதம் எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றதோ அவ்வளவு தூரமே போய் நின்றார். நீங்கள் கும்பிடும் தெய்வம் அந்த இடத்தில் இல்லை.

மார்ச் 8

சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், ஏனெனில் மேலே எழுதிய விதி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

என் அம்மா நோய்வாய்ப்பட்டிருந்த நாட்களில் நான் இடைவிடாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். கல்லூரிக் காலம் முதல் எனக்கு நெருக்கமான நண்பன் ஒருவன், அசையாத நாத்திகன், இரவுகளில் வந்து என்னோடு உட்கார்ந்திருப்பான். நான் கண்களை மூடிக்கொள்ளும்போது அவன் பேச்சை நிறுத்திக்கொள்வான். கண்களைத் திறந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அம்மா பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து நானே பேச்சை எடுத்தபோதுதான் கேட்டான்: "அம்மா பிழைத்திருந்தால் கடவுள் கருணை காட்டினார் என்று சொல்லியிருப்பாய். பிழைக்கவில்லை, தம்மிடம் அழைத்துக்கொண்டார் என்கிறாய். எது நடந்திருந்தால் கடவுள் இல்லை என்று சொல்லியிருப்பாய்?"

முன் குறிப்பில் சொன்ன ஃப்ளூ, இளைஞராக இருந்த காலத்தில், 1950-இல், இதே கேள்வியைத்தான் ஒரு சிறு கட்டுரையில் எழுப்பினார் என்பதைப் பின்னால் படித்தறிந்தேன். காட்டுக்கு நடுவே பூச்செடிகள் நிறைந்த ஒரு வெளியைக் காணும் இருவரில் ஒருவன், இதைப் பேணும் தோட்டக்காரன் ஒருவன் இருக்கிறான் என்கிறான். காவல் வைத்துப் பார்க்கிறார்கள், வேலி போட்டுப் பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாதவன், தொட முடியாதவன், ஓசையற்றவன் என்று நம்புகிறவன் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறான். அப்படிப்பட்ட தோட்டக்காரனுக்கும், தோட்டக்காரனே இல்லை என்பதற்கும் என்ன வேறுபாடு என்று மற்றவன் கேட்கிறான். எது நடந்தாலும் மறுக்கப்படாத கூற்று எதையும் சொல்லாத கூற்றாகிவிடும் என்பது ஃப்ளூவின் வாதம்.

நண்பனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. பின்னர் நெடுநாள் எண்ணிப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன்: ஒரு நிகழ்ச்சி எதிராக அமைந்தால் அதை என் நம்பிக்கைக்கு எதிரான சாட்சியாக நான் ஏற்கப்போவதில்லை என்றால், சாதகமாக அமைந்த நிகழ்ச்சியைச் சாட்சியாகக் காட்டும் உரிமையும் எனக்கு இல்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும். ஆகவே, நோய் நீங்கியது, விபத்தில் தப்பியது, எண்ணிய காரியம் கைகூடியது ஆகியவற்றை நாத்திகரிடம் நான் ஆதாரமாகச் சொல்வதில்லை. அவற்றுக்காக நன்றி சொல்கிறேன். அது எனக்கும் நான் வணங்குபவருக்கும் இடையில் உள்ளது. இந்த ஒன்றை விட்டுவிட்ட பிறகு என் நண்பனோடு பேசுவது எவ்வளவோ எளிதாகிவிட்டது, ஏனெனில் எங்கள் பேச்சில் இருந்த கசப்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மார்ச் 9

நம்புகிறவன் தன் ஆயுதங்களையெல்லாம் தானே கீழே போட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். சாட்சியே அல்லாததைத்தான் கீழே போடச் சொல்கிறேன். என் நம்பிக்கையை ஆட்டக்கூடியவை இருக்கின்றன. இத்தனை ஆண்டு வழிபாடு என்னைக் கடினமானவனாகவும் பொய்யனாகவும் ஆக்கியிருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தால், நான் யாரை நோக்கி நின்றேன் என்ற கேள்வியிலிருந்து தப்ப மாட்டேன். இதை நண்பனிடம் சொன்னபோது அவன் உடனே பிரித்துக் காட்டினான்: "அது வழிபாடு பயன்படுகிறதா இல்லையா என்பதைத்தான் காட்டும். கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா என்பதைக் காட்டாது." சரியான பிரிப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மார்ச் 14

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் நீண்ட வாக்குவாதம் நடந்திருக்கிறது. "இல்லை என்று நீங்கள் நிரூபியுங்கள்" என்று நாத்திகரைப் பார்த்துச் சொல்வதை நம்மில் பலர் வலிமையான பதிலாக நினைக்கிறோம். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1952-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை சொல்லிவிட்டார். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றி வருகிறது, மிகச் சிறியது என்பதால் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அதை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. அதனாலேயே அதை நம்ப வேண்டும் என்று ஆகிவிடாது. உண்டு என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏற்பதால் என் பக்தி குறைவதாகவும் உணரவில்லை.

இந்த எடுத்துக்காட்டு பக்தர்களுக்குக் கோபமூட்டுகிறது. என்னைக் கேட்டால், கோபப்படுவதை விட எங்கே அது பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதே பயனுள்ளது. கெண்டி என்பது உலகிலுள்ள எண்ணற்ற பொருள்களோடு கூடுதலாக ஒரு பொருள். எல்லாப் பொருள்களும் எதனால் இருக்கின்றனவோ அதைக் கடவுள் என்று சொன்ன சிந்தனையாளர்கள், பட்டியலில் இன்னொரு பொருளைச் சேர்க்கவில்லை. அவர்களுடைய கூற்று சரியாகவோ தவறாகவோ இருக்கலாம், ஆனால் அது கெண்டியைப் பற்றிய கூற்றைப் போன்றதல்ல. அதே நேரத்தில், எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து கணக்கு எழுதுகிற, கேட்டவர்க்குக் கொடுத்துக் கேளாதவர்க்கு மறுக்கிற ஒருவராகத்தான் நாம் பெரும்பாலும் கடவுளைப் பேசுகிறோம். அப்படிப் பேசும்வரை ரஸ்ஸலின் கெண்டி நமக்குச் சரியாகவே பொருந்தும்.

ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, "நீங்கள் மறுக்கும் கடவுள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிடுவது நல்லது. என் நண்பனிடம் கேட்டேன். சிறுவயதில் அவனை அச்சுறுத்தி வளர்த்த, தவறு செய்தால் தண்டிக்கக் காத்திருக்கும் ஒருவரை அவன் விவரித்தான். அந்தக் கடவுளை நானும் ஏற்கவில்லை என்றேன். அவன் விடவில்லை. "நான் மறுப்பதையெல்லாம் நீயும் மறுத்துவிட்டு, யாராலும் மறுக்க முடியாத அளவுக்கு மெல்லியதாக ஒன்றைக் கடைசியில் மிச்சம் வைக்கிறாய். அந்த மெல்லிய கடவுளிடமா காலையில் கண்மூடி உட்கார்ந்து பேசுகிறாய்?" என்றான்.

இதை இங்கு எழுதுவதன் காரணம், வாதத்துக்கு ஒரு கடவுள், வழிபாட்டுக்கு ஒரு கடவுள் என்று இருவரை வைத்துக்கொள்வது படித்த பக்தர்களிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. தத்துவம் பேசும்போது எல்லாவற்றையும் கடந்த பொருள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிட்டதும் வருபவர். இரண்டும் ஒருவரே என்று சொல்ல வழி இருக்கலாம், நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் எப்படி ஒருவர் என்று விளக்கும் கடமை நம்முடையது. நாத்திகர் அதைக் கேட்கும்போது அவர் நம்மைக் கேலி செய்வதாக எண்ணக் கூடாது.

மார்ச் 15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ரஸ்ஸலோடு நேருக்கு நேர் வாதிட்ட ஆத்திகர் எவரும் உண்டா என்று கேட்டார். உண்டு. 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் ரஸ்ஸலும் இயேசு சபைத் துறவி ஃப்ரெடரிக் காப்பிள்ஸ்டனும் விவாதித்தார்கள். உலகிலுள்ள ஒவ்வொன்றும் பிறிதொன்றைச் சார்ந்திருக்கிறது, ஆகவே எதையும் சாராத ஒன்று இருந்தாக வேண்டும் என்பது காப்பிள்ஸ்டன் தரப்பு. உலகம் முழுவதற்கும் காரணம் கேட்பதில் பொருளில்லை, உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்பது ரஸ்ஸல் தரப்பு. சதுரங்கப் பலகையின் முன் உட்காரவே மறுப்பவரைத் தோற்கடிக்க முடியாது என்று காப்பிள்ஸ்டன் குறிப்பிட்டார். இருவரும் நிலை மாறவில்லை. ஆனால் தாம் எந்த இடத்தில் பிரிகிறோம் என்பதைத் துல்லியமாகக் கண்டுகொண்டார்கள், அந்த இடம் வரை ஒருவர் சொன்னதை மற்றவர் திரித்துக் கூறவில்லை. ஒரு விவாதத்திலிருந்து இதைவிட அதிகமாக எதிர்பார்ப்பதால்தான் கோபம் வருகிறது என்பது என் எண்ணம்.

இதோடு தொடர்புள்ள ஒன்று. பெருவெடிப்பைக் கடவுளுக்குச் சான்றாகச் சொல்பவர்கள் ஜார்ஜ் லெமேத்ரை நினைவில் கொள்ள வேண்டும். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதி, தொடக்க அணு என்ற கருத்தை 1931-இல் முன்வைத்த அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்கு ஆதரவாகப் பேசியபோது, அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய முதல் மனிதர் லெமேத்ர்தான், அவரோ சங்கடப்பட்டார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. அவருடைய பக்தி அந்தச் சமன்பாடுகளின் மேல் நிற்கவில்லை, ஆகவே அவற்றைப் பக்திக்குச் சாட்சியாக அவர் அழைக்கவில்லை. நான் சொல்லும் விதியை அவர் வாழ்ந்து காட்டினார்.

மார்ச் 21

துன்பத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். எழுதத் தயங்கினேன். நாத்திகரின் காரணங்களில் மிக வலிமையானது இதுதான் என்பது என் தீர்ப்பு, வேறெதுவும் இதன் அருகில் வராது.

தத்துவத் துறையில் இதன் வரலாறு தெளிவானது. எல்லாம் வல்ல, முழு நன்மையான கடவுளும் தீமையும் சேர்ந்து இருப்பது முரண்பாடு என்று 1955-இல் ஜே. எல். மாக்கி வாதிட்டார். மனிதருக்குச் சுதந்திரம் அளிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து, அது தருக்க முரண்பாடு ஆகாது என்று 1974-இல் ஆல்வின் பிளான்டிங்கா காட்டினார். அந்த அளவில் அவர் வென்றதாக நாத்திகத் தத்துவவாதிகளிலும் பலர் ஒப்புக்கொண்டார்கள். பிறகு 1979-இல் வில்லியம் ரோ வேறு திசையிலிருந்து கேட்டார். காட்டுத்தீயில் வெந்து, பல நாள் துடித்து இறக்கும் ஒரு மான்கன்று. பார்க்க எவரும் இல்லை, அதனால் எவரும் பாடம் கற்கவில்லை, எவருடைய சுதந்திரமும் அதில் இல்லை. அந்த வலி எதற்காக? முரண்பாடு என்று அவர் சொல்லவில்லை, கடவுள் இல்லை என்று எண்ணுவதற்கு இது நல்ல காரணம் என்று மட்டும் சொன்னார். மான்கன்றுக்கு என்னிடம் விடை இல்லை. முன்வினை, சோதனை, மறைவான நன்மை என்று சொல்லப்படும் எதையும் அந்தக் கன்றின் அருகில் நின்று என்னால் சொல்ல முடியாது.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் அருகில் அவருடைய நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வாயைத் திறந்து விளக்கத் தொடங்குகிறார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமின்றித் தண்டிப்பதில்லை. யோபு மறுக்கிறார், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். இறுதியில் கடவுள் கண்டிப்பது விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான். தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசியவன் யோபுவே என்கிறார். கடவுள் தரப்பில் நின்று வாதாடியவர்களைக் கடவுளே கண்டிக்கும் இந்த இடத்தைப் படித்த பிறகும், துயரத்தில் இருப்பவரிடமோ துயரத்தைக் காரணம் காட்டும் நாத்திகரிடமோ உடனடி விளக்கத்தோடு போவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

"அப்படியானால் ஏன் இன்னும் நம்புகிறாய்?" என்று கேட்டால், எதிர்ப்பக்கத்தில் வலிமையான ஒரு காரணம் இருப்பதை அறிந்துகொண்டே நம்புகிறேன் என்பதுதான் விடை. இதை வெளிப்படையாகச் சொன்ன நாளிலிருந்து எந்த நாத்திகரும் என்னை நேர்மையற்றவன் என்று சொன்னதில்லை.

மார்ச் 23

நம் முன்னோர் நாத்திகரோடு எப்படிப் பேசினார்கள் என்ற கேள்விக்கு.

எதிரியின் கருத்தை முழுமையாகச் சொல்லாமல் மறுக்கத் தொடங்குவதில்லை என்பது அவர்களுடைய ஒழுக்கம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில் 14 கொள்கைகளை எடுத்துக்கொள்கிறார். முதலில் நிற்பவன், கண்ணால் காணும் உலகைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் உலகாயதன். ஒவ்வொருவரையும் அவரவர் தரப்பைப் பேசவிட்ட பிறகே மறுப்பு வருகிறது. அந்த வரிசையில் கடவுளை ஏற்காத சாங்கியனும் உண்டு.

மணிமேகலையில், நேரில் காண்பது ஒன்றையே அறிவுக்கு வழியாகக் கொள்ளும் பூதவாதி என்ற உலகாயதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அருமையான கேள்வி. இன்று பக்தர்கள் இதை நாத்திகர் மீது வீசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மணிமேகலை சென்று சேர்வது பௌத்தத்தில், அங்கு உலகைப் படைத்த கடவுள் இல்லை. அதுபோலவே வேதத்தின் பெருங்காவலரான குமாரில பட்டர் உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதைக் கடுமையாக மறுத்தவர். கண்ணுக்குத் தெரியாததும் உண்டு என்று காட்டிவிட்டால் கடவுள் உண்டு என்று காட்டியாகிவிட்டது என எண்ணுவது, இவர்கள் அனைவரும் தாண்டிச் சென்றுவிட்ட இடத்தில் இன்னும் நிற்பதாகும்.

உதயணரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஈசுவரன் உண்டு என்று நிறுவுவதற்கென்றே நியாயகுசுமாஞ்சலியை எழுதியவர், நியாயம் என்ற தருக்க மரபின் பேரறிஞர் அவர். வாதமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வேண்டுதல் வருகிறது. இத்தனை நியாயங்களால் கழுவிய பிறகும் எவர் நெஞ்சில் உனக்கு இடமில்லையோ அவர்கள் கல்நெஞ்சர். ஆயினும் உன்னை எதிர்ப்பதற்காகவேனும் அவர்கள் உன்னையே ஆழ்ந்து எண்ணுகிறார்கள், ஆகவே கருணையாளனே, காலத்தில் நீயே அவர்களையும் கைதூக்கிவிட வேண்டும் என்கிறார். எதிரியை நரகத்துக்கு அனுப்பாமல் அவனுக்காக வேண்டிக்கொண்டு நூலை முடிக்கும் அந்த மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மார்ச் 24

உதயணரைப் பற்றி எழுதியதை நண்பனிடம் காட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "நான் உன் கடவுளை எண்ணி எதிர்க்கவில்லை. பெரும்பாலான நாட்களில் எனக்கு அந்த எண்ணமே வருவதில்லை. எனக்கே தெரியாமல் நான் பக்தன் என்று சொல்வது, நான் சொல்வதை நீ கேட்கவில்லை என்றுதான் ஆகும்" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம் உண்மை இருக்கிறது. அந்த வேண்டுதல் கடவுளிடம் சொல்லப்பட்டது. அந்த இடத்தில் அது அழகு. அதையே நாத்திகரிடம் திருப்பி, "நீங்களும் உள்ளூர நம்புகிறவர்தான்" என்று சொல்லும்போது அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகிறது. அச்சத்தால்தான் நீ நம்புகிறாய் என்று அவர்கள் நம்மிடம் சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

மார்ச் 30

ஒரே வீட்டில் இரண்டு நிலைகள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

டார்வினின் மனைவி எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். 1839-இல் திருமணமாகிச் சிறிது காலத்தில் அவர் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்படும்வரை எதையும் நம்புவதில்லை என்ற அறிவியலின் பழக்கம், அந்த வழியில் நிரூபிக்க முடியாத பிறவற்றிலும் அவர் மனத்தை அதிகமாகப் பாதித்துவிடுமோ என்ற கவலையை அதில் சொன்னார். வாதத்தால் வெல்ல முயலவில்லை. தமக்கு எது அச்சமாக இருக்கிறதோ அதை மட்டும் எழுதினார். டார்வினின் நம்பிக்கை அதன் பின்னும் தேய்ந்தது. 1851-இல் அவர்களுடைய மகள் ஆனி 10 வயதில் இறந்தாள். பிற்காலத்தில், கடவுள் இல்லை என்று மறுக்கும் பொருளில் தாம் ஒருபோதும் நாத்திகர் அல்லர் என்றும், அறியோம் என்போரில் ஒருவர் என்பதே பொருந்தும் என்றும் அவர் எழுதினார். ஆனால் எம்மாவின் அந்தக் கடிதத்தை அவர் பாதுகாத்து வைத்திருந்தார். தாம் இறந்த பின், அதைப் பலமுறை முத்தமிட்டு அழுததை அறிந்துகொள் என்று அதில் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கடிதம் அவரை மாற்றவில்லை. ஆயினும் நாத்திக, ஆத்திக உரையாடலில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் படித்ததில்லை. எம்மா தமக்கு உண்மையிலேயே கனமாக இருந்ததை மட்டும் அவர் முன் வைத்தார்.

ஏப்ரல் 6

"கடவுள் இல்லையென்றால் ஒழுக்கத்துக்கு அடிப்படை ஏது?" என்று அண்ணனிடம் கேட்டதாக, முதலில் கேள்வி எழுப்பிய வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். தத்துவக் கேள்வியாக இது மதிப்புள்ளது. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே கேட்கும்போது, நீ ஒழுக்கமற்றவன் என்று சொல்வதாகத்தான் அது போய்ச் சேரும். இரவெல்லாம் என் அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்தவனிடம் இதை நான் எந்த வாயால் கேட்பேன்?

கோரா என்று அறியப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ், தீண்டாமைக்கு எதிராக உழைத்த உறுதியான நாத்திகர். காந்தியோடு அவர் நடத்திய உரையாடல்கள் 1951-இல் நூலாக வந்தன. கடவுளே உண்மை என்று சொல்லிவந்த காந்தி, 1931-இல் உண்மையே கடவுள் என்று தம் கூற்றைத் திருப்பிக்கொண்டவர். ஆகவே நாத்திகரோடு சேர்ந்து நிற்க அவருக்கு முன்பே இடம் இருந்தது. தம் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் சொல்ல இயலாது, இருவரும் உண்மையைத் தேடுபவர்கள் என்ற பொருளில் காந்தி பேசியதைக் கோரா பதிவுசெய்திருக்கிறார். என்னால் காந்தியின் அளவுக்குப் போக முடியவில்லை. என் நம்பிக்கை சரி என்றே கருதுகிறேன், இல்லையேல் அது நம்பிக்கை ஆகாது. ஆனால் இருவரும் ஒரே வேலையில் கைகோத்திருந்ததால் அந்தப் பேச்சுக்கு நேரம் இருந்தது, அவசரம் இல்லை. அண்ணனோடு வாதிடும் நேரத்தில் பாதியை அவரோடு சேர்ந்து ஏதேனும் ஒரு நற்பணியில் செலவிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 13

பிறரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் நம்பிக்கையைத் தாங்கும் காரணம் எது என்று இதுவரை சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முறையான கேள்வி. மார்ச் 9-ஆம் நாள் குறிப்பில் பாதியில் விட்டதும் இதுதான்.

என் காரணம் நன்றியுணர்வு. நான் உழைத்துப் பெறாதவை, எனக்குத் தகுதியில்லாதவை, என் வாழ்வின் மிகச் சிறந்தவையாக இருக்கின்றன. அம்மாவும் அவற்றில் ஒருவர், நண்பனும் ஒருவன். இவற்றுக்காக எழும் நன்றி மனிதர் எவரையும் சென்றடைந்து நின்றுவிடுவதில்லை, அதற்கும் அப்பால் போகிறது. அது யாரையும் நோக்கிப் போகவில்லை, வெறுமையில் கரைகிறது என்று என்னால் ஏற்க முடியவில்லை. வழிபாட்டில் அமரும்போது நான் பேசுவது ஒருவரிடம் என்ற உணர்வு, இதுவரை நான் அறிந்தவற்றில் என்னைப் பொய்யாக்காத ஒன்று. அந்த உணர்வு முழுவதும் என் மனம் தனக்காகத் தயாரித்துக்கொண்டது என்று எனக்கு உறுதிப்பட்டால், என் நம்பிக்கை ஆட்டம் காணும். இதைத்தான் நான் நாத்திகர் முன் வைக்கிறேன்.

நண்பன் கேட்டுவிட்டு இரண்டு சொன்னான். நன்றியுணர்வு தனக்கும் உண்டு, அது யாரிடமும் போய்ச் சேர வேண்டும் என்ற தேவை தனக்கு இல்லை என்பது ஒன்று. கூட்டமாக வாழ்ந்த உயிரினத்துக்குக் கொடுத்தவரைத் தேடும் பழக்கம் ஊறியிருக்கும், கொடுத்தவர் இல்லாத இடத்திலும் அந்தப் பழக்கம் தேடும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நான் சொன்ன பதில்: தேடும் பழக்கம் எப்படி வந்தது என்பதை அது விளக்குகிறது, தேடப்படுபவர் இல்லை என்பதை அது காட்டவில்லை. அவன் ஒப்புக்கொண்டான், ஆனால் இருக்கிறார் என்பதையும் நான் காட்டவில்லை என்றான். நானும் ஒப்புக்கொண்டேன். முதலாவதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை; யாருக்கும் போய்ச் சேராத நன்றியோடு ஒருவன் நிறைவாக வாழ்வதை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

அவனிடம் நானும் ஒன்று கேட்டிருக்கிறேன். எந்தக் காரணம் பொய்த்துப்போனால் அவன் தன் நாத்திகத்தை விடுவான் என்பதை, படித்த மறுப்புகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவனைத் தாங்குவது எதுவோ அதை மட்டும் சொல்ல வேண்டும் என்று. துன்பம்தானா என்றேன். இல்லை, அதற்கும் முந்தையது ஒன்று இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் சொன்னதும், அவன் ஒப்புதலோடு, இங்கே எழுதுகிறேன்.